மச்சானின் பேனரில் என் கண்

என் உயிர் மச்சான் ராஜவேலுவுக்கு,

சிதம்பரத்திலிருந்து உன் கோதண்டம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறதா, மீன் கிடைக்கிறதா என்றெல்லாம் கேட்க ஆசைதான். பதில் வராத கேள்வியைக் கேட்டு என்ன செய்ய? அதனால் செய்தியைச் சொல்கிறேன். செய்தி சொல்வதில் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. ராஜவேலு என் தங்கை செல்வியின் புருஷன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. முதுநகர் துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டியவன். போன வருஷம் ஒரு காலையில் மார்வலி வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பின்னால் ஏற்றியிருந்த ஐஸ் உருகுவதற்குள் துறைமுகமே அங்கு வந்து நின்றுவிட்டது. நான் பந்தல், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். என் பந்தலுக்குக் கீழே தாலி கட்டாத ஆள் சிதம்பரத்தில் இருந்தால் அவன் வெளியூர்க்காரன்.

மச்சான், உன் முதல் வருஷ நினைவு நாள் முடிந்தது. அன்றைக்கு உன் வீட்டு வாசலில் நடந்ததை நீ பார்த்திருப்பாய் என்கிறாள் செல்வி. நீ பார்த்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேட்டுவிடு. அன்றைக்கு உன் பெண்ணின் படிப்பு ஒரு பேனரில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

யாழினியைச் சென்னையில் கிராபிக் டிசைன் படிக்கச் சேர்த்துவிட்டது நீ. அது என்ன படிப்பு என்று உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் நான் எட்டாவது வரைக்கும் போனவன், விளக்கம் சொல்லாமல் விடுவேனா? 'எழுத்துக்கு உடுப்பு தைக்கிற படிப்பு' என்று மேலவீதி டீக்கடையில் சொன்னேன். அன்றிலிருந்து அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவளே ஒருநாள், "மாமா, எங்க சாரவிட நல்லா சொல்றீங்க" என்றாள். கேலிதான். இருந்தாலும் சொன்னாள் இல்லையா?

அவளோடு தெருவில் நடந்திருக்கிறாயா நீ? நடக்கவே முடியாது. சலூன் போர்டைப் பார்த்தால் நிற்பாள். பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பேரைப் பார்த்தால் நிற்பாள். ஒருமுறை பழைய லாட்ஜ் ஒன்றின் பெயர்ப்பலகைக்குக் கீழே என்னை இழுத்து நிறுத்தி, "அந்த 'ழ'வப் பாருங்க மாமா, பூன மாதிரி வாலச் சுருட்டிக்கிட்டு படுத்திருக்கு" என்றாள். நானும் பார்த்தேன். மச்சான், பூனைதான்! இத்தனை வருஷம் அந்த லாட்ஜுக்கு சீரியல் லைட் கட்டுகிறேன், என் கண்ணில் அது பட்டதே இல்லை. சினிமா பார்ப்பதும் அப்படித்தான். சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். "ஓடும்போது யாரு வேணா பாக்கலாம் மாமா, நிறுத்தினாத்தான் தெரியும்" என்பாள்.

இந்தப் பார்வைதான் வம்பைக் கொண்டுவந்தது. லீவுக்கு வந்தவள் என் வீட்டில் தங்கி, காலேஜ் வேலைக்காக ஊரெல்லாம் போட்டோ எடுத்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்திருக்கிறாள். முகத்தை எங்கே வைக்கிறார்கள், பேரை எவ்வளவு பெரிதாக வைக்கிறார்கள், சொந்தக்காரர்களை எந்த வரிசையில் அடுக்குகிறார்கள், இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. உங்கள் மங்கலம்பேட்டை சொந்தம் யாரோ பஸ்ஸிலிருந்து பார்த்து, அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அந்த ஊரிலேயே இருக்கிற உன் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

உன் அண்ணனைப் பற்றி நான் என்ன சொல்ல? எனக்கும் அவருக்கும் உன் கல்யாணப் பந்தலிலேயே ஆகாமல் போனது. வாழைமரம் சாய்ந்து நிற்கிறது என்றார், உங்கள் கழுத்து சாய்ந்திருக்கிறது என்றேன். அதிலிருந்து நேருக்கு நேர் பேச்சுக் குறைவு. ஆனால் நீ போனபிறகு அந்த வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல். செல்வி அதைத் தாண்டியதில்லை. அவரும் கெட்டவர் இல்லை. தம்பி குடும்பத்தைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறோம் என்கிற பயம் அவருக்கு. பயந்த மனிதர்தான் ஜாஸ்தி அதட்டுவார்.

மறுநாளே கடலூர் வந்து இறங்கினார். நானும் யாழினியும் அன்றைக்குச் செல்வி வீட்டுக்கு வந்திருந்தோம். செல்வி காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"செத்தவங்க போஸ்டரப் போட்டோ புடிச்சிக்கிட்டு நின்னியாமே?"

"ஆமாம் பெரியப்பா. காலேஜ் வேலைக்கு."

"அப்பன் போயி வருசம் திரும்பல. கருமாந்தரத்தையெல்லாம் படம் புடிக்கச் சொல்ற படிப்பு என்னா படிப்பு?"

தாய்மாமன் நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

"பெரிய மச்சான், அது உங்களுக்குப் புரியாது. சினிமா ஆரம்பிச்சதும் மொதல்ல பேர் வருது பாருங்க, அதெல்லாம் இவ படிப்புதான். பெரிய பெரிய ஹீரோல்லாம் இவளுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்காங்க."

"சினிமாவா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். யாழினி என்னைப் பார்த்து, "மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. ஹீரோ போன் பண்ணினால் சந்தோஷப்படத்தானே வேண்டும்?

"செல்வி, போதும். நிறுத்திக்கலாம்" என்றார் உன் அண்ணன். "இங்கயே கடலூர்ல எதாவது காலேஜ்ல போடு. கண்ணு முன்னால இருக்கட்டும்."

"கடைசி வருசம் பெரியப்பா" என்றாள் யாழினி. உன் பெண், தலை குனியவில்லை. "அப்பா சேத்துவிட்டது."

அந்தச் சொல்லுக்குத்தான் அவர் கொஞ்சம் தயங்கினார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. செவுத்துல பாத்துப் பாத்துப் படிச்சல்ல? உங்கப்பனுக்கு ஒண்ணு பண்ணு. வருச நாளைக்கு வாசல்ல கட்டு. நம்ம சனம் பூரா வந்து பாக்கட்டும். பாத்துட்டு நான் சொல்றேன், நீ போறதா வேணாமான்னு."

அவ்வளவுதான் மச்சான், தீர்ப்பு. உன் முகம்தான் பரீட்சைத்தாள்.

உன் முகத்தில்தான் சிக்கலே. உன்னை நல்லதாக ஒரு போட்டோ எடுத்த மனிதன் இந்த பூமியில் கிடையாது. போட்டோகிராபர் "சிரிங்க" என்றாலே உனக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் உன் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தில் நீ தாலி கட்டுகிற படத்தில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு யார் கழுத்திலோ கட்டுகிற மாதிரி இருக்கிறாய். கண் திறந்திருப்பது உன் டிரைவிங் லைசென்ஸில் மட்டும். அதிலும் நீ ஏதோ வண்டியைத் திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருப்பாய்.

யாழினி வீட்டில் இருந்த விசேஷ வீடியோ எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நிறுத்துவாள், பார்ப்பாள், நகர்த்துவாள், மறுபடி நிறுத்துவாள். செல்வி சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாள், அது அப்படியே இருக்கும். காகிதத்தில் பட்டை பிரஷ்ஷால் உன் பேரை எழுதி எழுதிக் கிழித்தாள். "ரா" சரியாக வந்தால் "வே" சரியாக வரவில்லையாம். "அப்பா நடக்குற மாதிரி இருக்கணும் மாமா. கொஞ்சம் கனமா, கொஞ்சம் அவசரமா" என்றாள். எழுத்து எங்கே நடக்கும் என்று நான் கேட்கவில்லை. பூனையைப் பார்த்தவன் ஆயிற்றே.

யாருக்கும் காட்டமாட்டேன் என்றாள். நான் விடுவேனா? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எட்டிப் பார்த்தேன். பகீர் என்றது. உன் முகம் லேப்டாப் முழுக்க இருந்தது. வாய்விட்டுச் சிரிக்கிறாய். இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது. கீழே உன் பேர். வேறு எழுத்து ஒன்றுமே இல்லை. இன்னாரின் தம்பி, இன்னாரின் மருமகன், வருந்தும் குடும்பத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. என் பேர்கூட இல்லை மச்சான்! தாய்மாமன் பேர் இல்லாத பேனர் இந்தத் தமிழ்நாட்டில் உண்டா?

ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"அம்மா யாழினி, கண்ணு மூடியிருக்கே."

"சிரிக்கிறார் மாமா."

"உனக்குத் தெரியும் சிரிக்கிறான்னு. சனம் என்னா சொல்லும்? பொணத்தப் படம் எடுத்துப் போட்டுட்டாங்கன்னு சொல்லும். கண்ண மூடின போட்டோவ யாராவது நடுவூட்டுல மாட்டுவாங்களா?"

"கொஞ்சம் தள்ளிப் போயி நின்னு பாருங்க."

தள்ளிப் போய் நின்றேன். எனக்கு நீ தெரியவில்லை மச்சான், உன் அண்ணன்தான் தெரிந்தார். துண்டை உதறித் தோளில் போடுகிறார், "நிறுத்திக்கலாம்" என்கிறார். அந்தக் குழந்தையின் படிப்பு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அவளிடம் தலையை ஆட்டிவிட்டு அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

எனக்குப் பழக்கமான ப்ளெக்ஸ் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் கட்டை குட்டையாக இருப்பார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பிரம்மாவுக்கு அடுத்தவர். உன் லைசென்ஸைக் கொடுத்தேன்.

"உடம்பு என்னா போடலாம்?" என்றார். "கோட் சூட் இருக்கு. பட்டு வேட்டி இருக்கு. சோபாவுல கால் மேல கால் போட்டது இருக்கு."

"கோட்டு போடுங்க. கலெக்டர் கணக்கா இருக்கணும்."

"பின்னால அருவியா, சூரியனா?"

"ரெண்டும்."

உன் தலையைக் கோட்டின் மேல் வைத்தார். பொருந்திவிட்டது. அப்படியே பெரிதாக்கினார். மச்சான், உன் கண் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி. எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

"படம் சின்னது சார், கண்ணு ஒடையுது" என்றார். "வேற கண்ணு வச்சிடலாம். எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க. நம்மகிட்டயே நல்ல கண்ணெல்லாம் சேத்து வச்சிருக்கேன்."

ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் சினிமா நடிகர்கள் கண். எனக்கு மனசு வரவில்லை. எவனோ ஒருவன் கண்ணால் நீ உன் பெண்ணைப் பார்ப்பதா? சொந்தத்திலேயே கண் இருக்கும்போது வெளியே எதற்கு? கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்னோடத எடுங்க" என்றேன். அவரும் செல்போனை நீட்டி எடுத்து, வெட்டி, உன் மூக்குக்கு மேலே வைத்து, கொஞ்சம் வெளுப்பாக்கிக் காட்டினார். பிரமாதம் மச்சான். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, இரண்டு புறா பறக்கிறது, நீ கோட் போட்டுக்கொண்டு எதிரே நிற்பவனை நேராகப் பார்க்கிறாய். கீழே முழுச் சொந்தமும் வரிசையாக. முதல் பேர் உன் அண்ணன் பேர். மனசாரப் போட்டேன்.

வருஷ நாள் காலையில் பந்தல் சாமானோடு வந்து இறங்கியபோது யாழினி அவளுடைய பேனரை வாங்கிவர கடலூரிலேயே ஒரு கடைக்குப் போயிருந்தாள். கரண்ட் போனதால் அங்கே பிரிண்ட் தாமதமாம். இதுதான் சமயம் என்று என் பேனரை வாசலில் ஏற்றினேன். செல்வி வெளியே வந்து பார்த்தாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது சம்மதமாகப் பட்டது.

உன் அண்ணன் வேனில் சனத்தோடு வந்து இறங்கினார். அண்ணி, உன் அக்கா, பிள்ளைகள், எல்லோரும். இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மெதுவாகக் கிட்டே போனார். "தம்பி" என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டார். மச்சான், அந்த மனிதர் உன்னை எடுத்த நாளில்கூட அப்படி அழவில்லை. கற்பூரம் ஏற்றினார். "என்ன உட்டுட்டுப் போயிட்டியேடா. ஒத்தையா நிக்கிறேன்டா. எல்லாரும் என்னப் பாத்து பயப்படுறானுங்க, எனக்கு யாரு இருக்கான்?" என்று உன்னிடம் என்னென்னமோ சொன்னார். நான் பக்கத்தில் டியூப் லைட் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாததைக் கேட்கிற மாதிரி இருந்தது. ஏணியிலேயே நின்றேன்.

அந்த நேரம் பார்த்து யாழினி ஆட்டோவில் வந்து இறங்கினாள். சுருட்டின பேனர் அவள் அக்குளில்.

உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியப்பாவ மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. என் தம்பிய கொண்டாந்து நிறுத்திட்ட. என்னையே பாக்குறான் பாரு. போ, போயிப் படி. எவன் கேக்குறான்னு நான் பாக்குறேன்."

கிடைத்துவிட்டது! ஏணி மேலிருந்து அவளுக்குக் கையைக் காட்டினேன். பேசாதே, உள்ளே போ என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் ஜாடை காட்ட முடியாது.

அவள் பேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பேனரைப் பார்த்தாள். ஓடும்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நிறுத்தினால்தான் தெரியும் என்பாளே, அப்படி நிறுத்திப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை மேலே இருந்தே பார்த்தேன். மச்சான், ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும். மறுநாள் ரயில். கடைசி வருஷம். எல்லாம் அவள் கைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"இது நான் பண்ணல பெரியப்பா."

சமையல்காரர்கூடக் கரண்டியை நிறுத்தினார்.

"அப்ப யாரு?"

"மாமா. அது அப்பா உடம்பு இல்ல. கண்ணும் அப்பா கண்ணு இல்ல."

"கண்ணு யாரோடது?"

அவள் ஏணியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு முழு வாழ்நாளுக்கும் அப்படி ஒரு பார்வை போதும். நான் மெல்லச் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

"உன்னப் பாத்தா இவ்வளவு நேரம் நான் அழுதேன்?"

"பெரிய மச்சான், சொந்தத்துக்குள்ளதான..."

"எறங்குய்யா கீழ."

இறங்கினேன். உன் அக்கா வேறு, "அடப்பாவி, நானும் கும்புட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாழினி அதற்குள் அவள் பேனரின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பந்தல் ஆட்கள் யாரும் அசையவில்லை. எல்லோரும் உன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு முனையப் புடிங்க மாமா" என்றாள் என்னிடம்.

பிடித்தால் நான் செய்ததை நானே கீழே போட்டதாக ஆகும். பிடிக்காவிட்டால் அவள் தனியாக நிற்பாள். செல்வி உள்ளேயிருந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள். நானும் பிடித்தேன். அவள் பார்த்துப் பார்த்துச் செய்த படம் என் கையில் விரிந்தது, ஆனால் நான் முனையில் நின்றதால் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்கிற முகங்களைத்தான் பார்த்தேன்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கண்ணு மூடியிருக்கே" என்று யாரோ சொன்னார்கள். நான் பயந்தது அதுதானே? முடிந்தது என்று நினைத்தேன். உன் அக்காதான் முதலில் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சிரிக்கிறான்டி" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது.

உன் அண்ணன் மட்டும் நகரவில்லை.

"எங்க புடிச்ச இத?"

"என் சடங்கு வீடியோவுல பெரியப்பா. மண்டபத்து வாசல்ல. ஓரத்துல பாருங்க, ஒரு தோள் தெரியுதுல்ல?"

"ஆமா."

"அது நீங்க. வெட்டிடலாம்னுதான் நெனைச்சேன், மனசு வரல. நீங்க எதோ சொல்றீங்க, அப்பா சிரிக்கிறாரு. அப்பா மூஞ்சி எந்தப் போட்டோவுலயும் இப்படி இல்ல."

அவர் கிட்டே போனார். பேனரில் இருந்த அந்தத் தோளைத் தொட்டார். பிறகு தன் தோளைத் தொட்டுக்கொண்டார், அங்கே இருந்ததுதானா என்று பார்க்கிற மாதிரி.

"நான் என்னா சொன்னேன்?"

"தெரியல பெரியப்பா. வீடியோக்காரங்க சத்தத்த எடுத்துட்டுப் பாட்டு போட்டிருக்காங்க."

"நான் என்னா சொன்னேன் செல்வி?"

செல்வி தெரியாது என்று தலையாட்டினாள். ஒவ்வொருவராகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மச்சான், அதட்டிக் கேட்டால் நடுங்குகிற அத்தனை சனமும், அந்த மனிதர் அப்படி மெதுவாகக் கேட்டதும் அழுதது.

உன் படம் வாசலில் ஏறியது. நானே கட்டினேன், நாலு பக்கமும் முடிச்சு, புயல் வந்தாலும் அசையாது. சாப்பாடு முடிந்து வேன் கிளம்பும்போது உன் அண்ணன் யாழினியைக் கூப்பிட்டார். "எப்ப ரயிலு?" "நாளைக்குக் காலையில பெரியப்பா." "ஏத்திவிட நான் வரேன். தூங்கிடாத." அவ்வளவுதான் சொன்னார். சொன்னபடி மறுநாள் விடிவதற்கு முன்னால் மங்கலம்பேட்டையிலிருந்து வந்து ஸ்டேஷனில் நின்றார், கையில் ஒரு பை முந்திரி. நானும் நின்றேன். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து யாழினி ஒரு போட்டோ எடுத்தாள். "கண்ணத் தொறங்க மாமா" என்று வேறு சொன்னாள், கொழுப்பு.

என் பேனர் என்ன ஆனது என்று கேட்பாய். உன் அண்ணன் சுருட்டி எடுத்துப்போய்விட்டார். கோபத்தில் எரிப்பார் என்று நினைத்தேன். மழைக்கு முந்திரி மூட்டை மேல் போட்டு மூடியிருக்கிறாராம். அருவி, புறா, கோட் எல்லாவற்றோடும் நான் அங்கே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "உன் கண்ணு காவலுக்கு நல்லாருக்கு மச்சான், ஒரு அணில் கிட்ட வரல" என்றார் போனில்.

ஆமாம், இப்போது போன் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல். முதலில் மழை, விலை என்று ஏதாவது பேசுவார். பிறகு கேட்பார். "மச்சான், சடங்கு அன்னைக்கு நீ மண்டப வாசல்ல லைட்டு கட்டிக்கிட்டு இருந்தல்ல? நான் சொன்னது ஒனக்குக் காதுல விழலயா?"

மச்சான், உனக்கு என்னைத் தெரியும். அவர் கேட்ட முதல் நாளே என் நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்துவிட்டது. அருமையான பதில். உன் மீசையைப் பற்றி, உன் பட்டு வேட்டி இடுப்பில் நிற்காததைப் பற்றி. அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவேன், அவர் நம்பிவிடுவார். நிம்மதியாகத் தூங்குவார். ஒரு வாக்கியம்தான். எனக்கு என்ன செலவு? போன வாரம் வாயைத் திறந்தேவிட்டேன்.

அப்போது உன் பெண் வாசலில் நின்று, எல்லாம் கைக்குள் இருக்கும்போது, "இது நான் பண்ணல பெரியப்பா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். "இல்ல பெரிய மச்சான், காதுல விழல" என்றேன். அவர், "சரி, யோசிச்சுப் பாக்குறேன்" என்று வைத்துவிட்டார். இந்த ஞாயிறும் கேட்பார்.

அவர் என்ன சொன்னார் மச்சான்? அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற அளவுக்கு என்ன சொன்னார்? உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். உன்னைப் பற்றி ஊரில் நான் இன்னும் ஆயிரம் சொல்வேன், அதை என்னால் நிறுத்த முடியாது. உன் ஐஸ் வண்டி கப்பல் அளவுக்கு வளரும், உன் பெண் உலகத்துக்கே எழுத்து எழுதிக்கொடுப்பாள். ஆனால் உன் அண்ணன் எத்தனை ஞாயிறு கேட்டாலும், அந்தச் சத்தமில்லாத இடத்தில் ஒரு சொல்கூட நான் போட்டு நிரப்ப மாட்டேன். அது உங்கள் இரண்டு பேருடையது.

செல்வியின் அண்ணன், யாழினியின் தாய்மாமன்,
உன் மச்சான்
கோதண்டம்